பழவேற்காடு: இரண்டாம் முறை போகிறவர்களுக்கு ஒன்றரை நாள்

பழவேற்காட்டுக்கு ஒருமுறை போய் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து கார் கிளம்பியது. பன்னிரண்டு மணி வெயிலில் டச்சுக் கல்லறை. வாசலில் நிற்கும் எலும்புக்கூடு சிற்பங்களோடு இரண்டு செல்ஃபி. பாலத்தின் மேல் நின்று ஏரியைப் பார்த்தது. இறால் வறுவல், நண்டு மசாலா. கலங்கரை விளக்கம் பக்கம் போய்க் கடலில் காலை நனைத்தது. நாலு மணிக்குத் திரும்பியாயிற்று. ‘பரவாயில்ல, ஒருநாள் பொழுது போச்சு’ என்பார்கள். கொஞ்சம் விட்டு, ‘பூநாரையைத்தான் பார்க்கவே முடியல’ என்று ஒரு குறையும் வரும்.

அவர்கள் மேல் தப்பில்லை. போன நேரம்தான் தப்பு. பழவேற்காட்டின் நாள், நடுநிசிக்குப் பிறகு ஆரம்பித்துக் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். இரவெல்லாம் வலையோடு நின்றவர்கள் வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். மதியம் போய் இறங்கும் கார், கடையைச் சாத்திய பிறகு கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கிறது.

அதனால்தான் இந்த ஊருக்கு இரண்டாம் முறை போக வேண்டும் என்பது. அதற்கு நாள் நிறைய வேண்டாம். முதல் நாள் மதியம் தொடங்கி மறுநாள் மாலை வரை ஒன்றரை நாள் போதும். ஆனால் அந்த ஒன்றரை நாளைச் சென்னைக் கடிகாரத்தை வைத்துத் திட்டமிடக் கூடாது. ஏரியின் கடிகாரம் வேறு.

கடல் உள்ளே வருகிறதா?

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்ட மதில் மாதிரி படுத்துக் கடலை மறித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தீவின் தென்முனைக்கும் கலங்கரை விளக்கம் இருக்கும் கரைக்கும் நடுவே ஒரு வாசல். அதுதான் முகத்துவாரம்.

ஊரின் பிழைப்பு அந்த வாசலில் இருக்கிறது. அது திறந்திருந்தால் கடல் நீர் உள்ளே வரும். அதோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். ஏரியில் மேய்ந்து வளர்ந்து, பிறகு நீரோட்டத்தோடு வெளியே கடலுக்குப் போகும். அப்படிப் போகிற வழியில்தான் வலை. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வாசலைத் தள்ளித் திறந்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகு அலை கொண்டுவரும் மணல் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தூர்க்கும். கோடையில் சில வருடம் சுத்தமாக அடைந்தே போய்விடும். அடைந்தால் ஏரித் தண்ணீர் தேங்கிச் சூடேறி, உப்பு ஏறி, மீன் குறைந்துவிடும். கடலுக்குப் போகிற படகுகளுக்கும் வழி இல்லை. ஊர்ப் பணம் வசூலித்து இயந்திரம் வைத்து மணலை வெட்டிய கதையை எந்தக் குப்பத்திலும் கேட்கலாம். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கத் தடுப்புச் சுவர் வேண்டும் என்பது மீனவர்களின் பல வருடக் கோரிக்கை. அந்தப் பணியை அரசு கையில் எடுத்தது சமீப ஆண்டுகளில்தான்.

தேதி குறிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஏரி நிறைந்திருக்கும்போது சுமார் 450 சதுர கிலோமீட்டர்; வற்றினால் ஏறக்குறைய 250. ஜனவரியில் பார்த்த ஏரியும் மே மாதம் பார்க்கும் ஏரியும் ஒன்றல்ல. முதல் முறை கோடையில் போய்ச் சேற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பொங்கல் கழிந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் போகலாம். தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும், பறவைகளும் இருக்கும். முதல் முறை ஜனவரியில் போனவர்கள் ஏப்ரல் கடைசியில் போய்ப் பார்த்தால்தான் மீனவர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பது கண்ணில் படும். அப்படிப் போகிறவர்கள் குறைவு. போகிறவர்களுக்கு ஊர் கொஞ்சம் கூடுதலாகப் பேசும்.

கிழமை முக்கியம். ஞாயிறு வேண்டாம், காணும் பொங்கல் வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு சாதாரண நாள் நல்லது. முடிந்தால் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிப் போகலாம். அந்த நாள்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும். வலைக்காரர்களுக்கு வேலை அதிகம். நாள்காட்டியில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஏவும் நாளில் வேடிக்கை பார்க்கக் கடற்கரையில் கூட்டம் சேரும்; அதே நாளில் பாதுகாப்புக்காக மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ராக்கெட்டைப் பார்க்க வேண்டுமா, மீன்பிடியைப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள் மாலை

சென்னையிலிருந்து ஊர் சுமார் 55 கிலோமீட்டர். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ. பழவேற்காட்டில் குடும்பத்தோடு தங்கச் சொல்லிக்கொள்ளும்படியான விடுதிகள் குறைவு. பொன்னேரியில் அறை எடுத்துக்கொண்டு, விடியற்காலைக்கு ஒரு வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவது வசதி. அந்த ஒரு ஏற்பாடு தவறினால் மொத்தத் திட்டமும் படுத்துவிடும்.

முதல் நாள் மாலையை ஊருக்குள் நடக்க வைத்துக்கொள்ளலாம். டச்சுக்காரர்கள் இங்கே 1610 வாக்கில் கால் ஊன்றினார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். அதன் பிறகுதான் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் புதரும் அகழியின் தடமும்தான். ஏமாற்றமாக இருக்கும். முதல் முறை வந்தவர்கள் ‘கோட்டை எங்கே?’ என்று கோட்டையின் மேலேயே நின்று கேட்டிருப்பார்கள்.

கல்லறைத் தோட்டம் அப்படியல்ல. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சாய்வெயிலில் கல்வெட்டு எழுத்துகள் நன்றாகத் தெரியும். மதியத்தில் வெறும் கல்லாகத் தெரிந்தவை மாலையில் கப்பல்காரர்களும் வணிகர்களும் அவர்களது மனைவி மக்களுமாக மாறும். ஆனால் அங்கே கல் இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கி அடிமைகளாக விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களையும் டச்சுக் கப்பல்கள் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிப்போயின. அவர்களுக்கு எங்கேயும் கல்லறை இல்லை.

துணியின் கதை கொஞ்சம் மகிழ்ச்சியானது. கட்டம் போட்ட பழவேற்காட்டுத் துணி தென்கிழக்காசியா முழுக்கப் போயிற்று. மலேசியாவில் ஆண்கள் வீட்டில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். பழவேற்காட்டை டச்சுக்காரர்கள் ‘பலியகட்டா’ என்றார்கள்; ஆங்கிலேயர் ‘புலிகாட்’ ஆக்கினார்கள்; மலாய்க்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கடல் வணிகத்தில் இங்குள்ள மரைக்காயர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிவாசல் தெருக்களில் நடந்தால் பழைய வீடுகளின் தூண்களும் திண்ணைகளும் அதைச் சொல்லும். தொழுகை நேரம் பார்க்கச் சூரிய கடிகாரம் வைத்திருக்கும் பள்ளிவாசலும் உண்டு. தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுக்கொண்டு போய்ப் பார்க்கலாம். செம்பூராங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளத்துக்கு ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. குழந்தைகளைக் கூட்டிப் போனால் ‘அனுமார் எங்கே கண்டுபிடி’ என்று விட்டுவிடலாம், அரைமணி நேரம் ஓடிவிடும். போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா கோயிலும் அதே சுற்றில் வந்துவிடும். ஒரு சிறிய மீனவ ஊரில் இவ்வளவும் நடக்கிற தூரத்துக்குள் இருக்கின்றன.

பொழுது சாயும் முன் பனையோலைப் பெட்டி பின்னும் பெண்களிடம் போகலாம். சாயம் ஏற்றிய ஓலையில் மூடி போட்ட பெட்டி, தட்டு, கிலுகிலுப்பை என்று எல்லாம் செய்வார்கள். பேரம் பேசினால் பத்து இருபது ரூபாய் குறையும். பேசாமல் வாங்கிவிட்டால் பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டாவதுதான் லாபம்.

விடியற்காலை நாலரை மணி

ஒன்றரை நாளில் உயிர்நாடி இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வைத்த அலங்காரம்.

நாலரைக்குக் கிளம்பினால் வெளுப்பதற்குள் கரைக்கு வந்துவிடலாம். இருட்டில் முதலில் காதில் விழுவது தண்ணீர்ச் சத்தமல்ல, பேச்சுச் சத்தம். படகு அணையும்போது ‘எவ்ளோ?’ என்று கரையிலிருந்து ஒரு குரல். பதில் வருவதற்குள் கூடை இறங்கிவிடும். வெள்ளை இறால், மடவை, கொடுவா, கிழங்கான், கால் கட்டிய களிநண்டு. பெண்கள்தான் ஏலத்தில் நிற்கிறார்கள். இறாலின் விலை ஏறுவதும் இறங்குவதும் ஒரு புருவ அசைவில் முடிந்துவிடும். வெளியூர்க்காரர் நடுவில் புகுந்து விலை கேட்பது அவ்வளவு நன்றாக இருக்காது. ஏலம் முடிந்த பிறகு, எடுத்த அக்காவிடமே, ‘ஒரு கிலோ குடுக்கா’ என்று கேட்டு வாங்கிக்கொள்வதுதான் முறை.

அந்த இறால் எப்படி வந்தது என்பதில்தான் இந்த ஊரின் பெரிய விஷயம் இருக்கிறது. ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது. அதற்குப் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவ மீனவர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் முறை இது. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் மீன் அதிகம் படும். தள்ளிப் போகப் போகக் குறையும். நல்ல இடம் ஒருவனுக்கே போனால் சண்டைதான். அதனால் இடங்களைப் பிரித்து, ஊரின் ‘தலைக்கட்டு’களை, அதாவது கல்யாணமான ஆண்களை, குழுக்களாக்கி, சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுழற்றுகிறார்கள். இன்று நல்ல இடத்தில் சுத்துவலை கட்டியவர் நாளை தள்ளிப் போவார். நேற்றுச் சும்மா இருந்தவருக்கு இன்று முறை வரும். போலீஸ் இல்லை, பத்திரம் இல்லை. ஊர்ப் பேச்சுதான் சட்டம். பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவது எப்படி என்று ஆராய்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்தும் வந்து இதைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் கைதட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். பாடு உரிமை இல்லாதவர்களும் இதே ஏரியைத்தான் நம்பியிருக்கிறார்கள். காலை வெளிச்சம் வந்த பிறகு பாலத்தின் மேலிருந்து ஆழமில்லாத பக்கம் பார்த்தால், இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நகரும் தலைகள் தெரியும். வலை இல்லை, படகு இல்லை. இருளர்கள், அதிலும் பெண்கள், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று, கை கால் வெடித்து, கிடைப்பது ஒரு பறி இறால். ஏரியின் நல்ல இடங்களுக்கு முறை வைத்துச் சீட்டுப் போடும்போது அதில் இவர்கள் பெயர் இருந்ததில்லை. யாருக்கு எந்தத் தண்ணீர் என்ற சச்சரவு குப்பங்களுக்குள்ளும் உண்டு, மாநில எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் உண்டு. ஏரிக்குள் கோடு கிழித்திருப்பது வரைபடத்தில்தான். மீனுக்கு அது தெரியாது, வலைக்காரர்களுக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும்.

இறால் பிடிக்கும் பெண்களைப் பாலத்தின் மேலிருந்து ஜூம் செய்து படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கரையேறும் வரை காத்திருந்து, ‘எடுக்கலாமாக்கா?’ என்று கேட்டு எடுக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

படகு ஆசை

இரண்டாம் முறை போகிறவர்கள் அநேகமாக எல்லோருக்கும் மனதில் ஒன்று இருக்கும்: போன தடவை படகில் போகவில்லை, இந்தத் தடவையாவது. குழந்தைகள் வேறு நச்சரிக்கும். ஆயிரம் இரண்டாயிரம் என்று நீட்டினால் யாராவது ஒருவர் சம்மதிக்கவும் கூடும்.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். உல்லாசமாக ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஏரி பெரும்பாலான இடங்களில் ஆள் மட்டத்துக்குக்கூட ஆழம் இல்லாதது. ஆனால் முகத்துவாரத்தின் பக்கம் கதை வேறு; உள்ளே இழுக்கும் நீரும் வெளியே தள்ளும் நீரும் மோதும் இடம் அது. மீன் பிடிக்கக் கட்டிய படகு, மனிதர்களைக் கூட்டமாக ஏற்றி ஒரு பக்கமாக நின்று செல்ஃபி எடுக்க விடுவதற்குக் கட்டியதல்ல. அந்த விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறி ஏற்றிக்கொண்டு போகிற மீனவருக்கு, பிடிபட்டால் போவது அன்றைய கூலி மட்டுமல்ல, படகும்தான். ‘அண்ணே, கொஞ்ச தூரம்தானே’ என்று கெஞ்சுகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

படகு இல்லாமல் ஏரியைப் பார்க்க முடியாதா? முடியும். பாலத்தைத் தாண்டினால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம் என்று வரிசையாக ஊர்கள். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத தண்ணீர். 2004 சுனாமியையும் அதற்குப் பிந்திய கடல் அரிப்பையும் பார்த்த ஊர்கள். இங்கே நடந்தால் போதும். தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பக்கம் ராட்சதக் கிரேன்கள் தெரியும். அந்தத் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இந்தக் குப்பங்கள் எதிர்ப்பது ஏன் என்று யாரிடமும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தானாக வரும். கரைக்கு வெளியே ஒன்று கட்டினால் கரைக்குள் மணல் எங்கே போகும், முகத்துவாரம் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேள்வி. கடலில் குளிக்க மட்டும் இறங்க வேண்டாம், குறிப்பாக முகத்துவாரத்தை ஒட்டி.

பூநாரைக்கு வருவோம். அது கிடைக்காமல் போனதற்குக் காரணம், தேடிய இடம். அவை அதிகம் கூடுவது ஆழம் குறைந்த வடக்குப் பக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் கும்மிடிப்பூண்டி வழியாக அண்ணாமலைச்சேரிக் கரைக்குப் போகலாம். ஆந்திரப் பக்கம் என்றால் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலை. காரை ஓரமாக நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்தால் அவை பறக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வாய்ப்பு உண்டு. இரண்டாம் நாள் பத்து மணிக்குப் பழவேற்காட்டை விட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் இதையும் முடித்துக்கொண்டு மாலையில் சென்னை திரும்பிவிடலாம். இரண்டையும் செய்ய நேரமில்லை என்றால் பூநாரையை விட்டுவிடலாம். விடியற்காலைக் கரையை விட வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. காலையில் ஏலத்தில் இறால் எடுத்த அக்காவிடம் சொல்லி வைத்திருந்தால், ஐஸ் போட்டுக் கட்டித் தந்திருப்பார். காசு கொடுக்கும்போது அவரிடமோ பக்கத்தில் வலை கிழிசல் பார்த்துக்கொண்டிருப்பவரிடமோ ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்ளலாம்: ‘முகத்துவாரம் இப்ப எப்டி இருக்கு?’ ‘தொறந்துதான் கெடக்கு’ என்பார், அல்லது ‘மண்ணு ஏறுது’ என்பார். அடுத்த முறை எந்த மாதம் வருவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.